விளையாட்டுப் பொறிகளும் பொது உலகங்களும்: ஓர் அறிமுக நோக்கு

கணனி விளையாட்டுக்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் எமது தமிழ்ச் சூழலில் இன்னும் வேரூன்றவில்லை. அவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும், இளைஞரைக் கெடுக்கும் போதை எனக் கண்டிப்போருமே எம்மிடையே மிகுதி. கூத்தையும் நாவலையும் திரைப்படத்தையும் சமுதாய உறவுகளின் விளைபொருளாக வைத்து நோக்கப் பழகியுள்ள நாம், பல்லாயிரவர் ஒரே வேளையிற் கூடிப் போரிட்டும் பண்டமாற்றுச் செய்தும் சங்கம் அமைத்தும் வாழும் கற்பனை உலகங்களை மட்டும் அவ்வாறு நோக்கத் தயங்குவது பொருந்தாது.

இக்கட்டுரை அவ்வுலகங்களின் கதைகளைப் பற்றியதன்று. அவற்றைத் தாங்கி நிற்கும் கருவியமைப்பையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். நாடகம் ஒன்றை ஆராய்பவர் அதன் எழுத்துப் பிரதியோடு அமைந்துவிடுவதில்லை. அரங்கு யாருடையது, நுழைவுச்சீட்டின் விலை யாது, திரையை இறக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பவற்றையும் வினவுகிறார். அதே வினாக்களை இணைய விளையாட்டுக்கள் குறித்து எழுப்பும்போது நாம் வந்தடையும் இடம், ஆங்கிலத்தில் 'கேம் எஞ்சின்' என வழங்கும் விளையாட்டுப் பொறியாகும். பொறி என்ற சொல்லை இயந்திரம் என்ற பொருளிலேயே ஆளுகிறோம். எலிப்பொறி என்னும் வழக்கிலுள்ள பொருளும் அதற்கு உண்டென்பதை வாசகர் மறவாதிருத்தல் நன்று. பின்னர் அது உதவும்.

பொறியும் உலகமும் பிரிந்தமை

அச்சகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதிலே தேவாரமும் அச்சாகும். தேர்தற் துண்டுப்பிரசுரமும் அச்சாகும். திருமண அழைப்பிதழும் அச்சாகும். அச்சிடப்படுவது எதுவெனினும் இயந்திரம் ஒன்றே. விளையாட்டுப் பொறியும் இத்தகையதே. காட்சியைத் திரையில் வரைதல், ஒரு பொருள் மற்றொன்றில் மோதுவதைக் கணித்தல், ஒலியெழுப்பல், காலத்தை அளத்தல், வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பல் ஆகிய பொதுத் தொழில்களை அது செய்கிறது. அரக்கனும் வாளும் காடும் நகரமும் அதன்மேல் ஏற்றப்படும் தரவுகள் மாத்திரமே. 1993இல் வெளிவந்த 'டூம்', 1998இல் வெளிவந்த 'அன்ரியல்' ஆகிய விளையாட்டுக்களோடு, பொறியை வேறாகப் பிரித்துப் பிற நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் வாணிபம் பெருகிற்று. ஆயின் இப்பிரிப்பு அதற்கு முன்னரே, இலாபநோக்கற்ற ஒரு சூழலில் நிகழ்ந்துவிட்டது என்பது பலர் அறியாதது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டில் றோய் ட்ரப்ஷோ என்ற மாணவர், பலர் ஒரே வேளையில் உட்புகுந்து உலவத்தக்க 'மட்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். படங்கள் இல்லை, எல்லாம் எழுத்து. "நீர் ஓர் ஒடுங்கிய பாதையில் நிற்கிறீர்" என்ற வகையிற் கணனி உரைக்க, "வடக்கே செல்" என்ற வகையில் விளையாடுபவர் விடையிறுப்பார். பல்கலைக்கழகத்தின் பி.டி.பி.-10 கணனியின் பொறிமொழியிலேயே முதலில் எழுதப்பட்ட இவ்விளையாட்டு வளர வளரக் கையாளுதற்கரியதாயிற்று. எனவே ட்ரப்ஷோ மூன்றாம் முறையாக அதனைக் கேம்பிறிட்ஜிலே பிறந்த பி.சி.பி.எல். என்னும் மொழியில் எழுதப் புகுந்தபோது ஒரு முடிவு செய்தார். விளையாட்டை இயக்கும் நிரல் ஒருபுறம். உலகின் இடங்களையும் பொருள்களையும் விதிகளையும் விவரிக்கும் கோப்பு மறுபுறம். அக்கோப்பை எழுதுவதற்கெனத் தனியொரு விவரண மொழியும் வகுத்தார். 1980இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கியபோது பணியை ஏற்றுக்கொண்ட றிச்சட் பாட்டில், இயக்கும் நிரலை முடித்ததோடு உலகின் பெரும்பகுதியையும் எழுதினார்.

தொழில்நுட்ப வசதிக்கெனச் செய்யப்பட்ட இப்பிரிப்பு பாரதூரமான விளைவுகளைக் கொண்டது. நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் உலகம் படைக்கலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. அதேவேளை, உலகைப் படைத்தவர் வேறு, அதனை இயக்கும் இயந்திரத்தின் உடைமையாளர் வேறு என்ற நிலைக்கும் அதுவே வித்திட்டது. எசெக்ஸில் இவ்வேறுபாடு எவரையும் வருத்தவில்லை. இருவரும் மாணவர், கணனி பல்கலைக்கழகத்துக்குரியது, வேலைப்பளு குறைந்த இரவு வேளைகளில் வெளியாரும் தொலைபேசி வழியே வந்து விளையாட இடமளிக்கப்பட்டது.

பாட்டில் பிற்காலத்தில் அளித்த நேர்காணல்களில், பிரித்தானிய வர்க்க அமைப்பின்பால் தமக்கும் ட்ரப்ஷோவுக்கும் இருந்த வெறுப்பே இவ்வுலகுக்கு உந்துதலாயிருந்தது என்று குறிப்பிட்டுள்ளார். பிறப்பு, பேச்சுமொழிச் சாயல், படித்த பள்ளிக்கூடம் ஆகியவற்றால் மனிதர் அளக்கப்படும் நாட்டில், முயற்சியால் மட்டுமே ஒருவர் படிநிலை உயரும் உலகொன்றை அவர்கள் அமைக்க விரும்பினர். இவ்விலட்சியத்தின் பின்வரலாறு சுவையானது. முயற்சிக்கு மதிப்பளிக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட 'படிநிலை' என்னும் உத்தி, மாதக் கட்டணம் அறவிடும் நிறுவனங்களின் கைக்கு மாறியபோது, விளையாடுபவரை மாதக்கணக்கிற் கட்டிவைக்கும் உத்தியாயிற்று. அதே படி, அதே ஏற்றம். ஏறும் கால அளவை நிர்ணயிப்பவர் மட்டும் மாறிவிட்டார்.

எண்ணிக்கையும் தூரமும்

பல்லாயிரவர் கூடும் உலகொன்றுக்கான பொறியை அமைப்பது ஏனைய விளையாட்டுக்களுக்கான பொறியை அமைப்பதிலும் கடினமானது. அதன் காரணங்களை அறியாது உடைமை பற்றிய வினாவை விளங்கிக்கொள்ளல் இயலாது. ஆதலின் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாவது, எண்ணிக்கை. ஓரிடத்திற் பத்துப் பேர் நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் அசைவும் ஏனைய ஒன்பது பேருக்கும் அறிவிக்கப்படவேண்டும். ஆக 90 செய்திகள். நூறு பேராயின் 9,900. ஆயிரம் பேராயின் 9,99,000. செக்கனுக்குப் பத்துமுறை அறிவிப்பதாயின் ஏறக்குறைய ஒரு கோடி. கூட்டம் பத்து மடங்காகும்போது வேலை நூறு மடங்காகின்றது. எந்தக் கணனி வாங்கினும் இவ்வளர்ச்சியைத் துரத்திப் பிடித்தல் முடியாது. எனவே பொறியானது, யார் யாரை அறியத் தேவையில்லை என்பதை முதலில் தீர்மானிக்கிறது. மலைக்கு அப்பால் நடப்பவனின் அசைவு இப்பாலுள்ளவனுக்கு அனுப்பப்படுவதில்லை. தொலைவில் நிற்பவனின் அசைவு அருமையாகவே அனுப்பப்படும். நல்லதொரு பொறியின் திறமை, அனுப்புவதிலும் பார்க்க அனுப்பாது விடுவதிலேயே வெளிப்படுகின்றது.

இரண்டாவது, தூரம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். கொழும்பிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். செய்தியொன்று சென்று விடை மீளக் குறைந்தது 87 மில்லிசெக்கன் ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டிற் செல்வதில்லையாதலின் உண்மையில் இதனிலும் மிகும். எந்த மூலதனத்தாலும் இக்காலத்தைக் குறைக்க முடியாது. ஆகவே பொறிகள் ஒருவகை ஊகத்தை மேற்கொள்கின்றன. கரை காணாத கடலில் மாலுமி தன் வேகத்தையும் திசையையும் கொண்டு தானிருக்கும் இடத்தைக் கணிப்பதுபோல், பிறரின் கடைசியாக அறிந்த வேகத்தையும் திசையையும் கொண்டு அவர்கள் இப்போது நிற்கக்கூடிய இடத்தைப் பயனரின் கணனி ஊகித்து வரைகிறது. புதுச்செய்தி வந்ததும் திருத்திக்கொள்கிறது. திரையில் நாம் காணும் எதிரி பெரும்பாலும் ஓர் ஊகமே.

இவ்வுத்தியை வலையமைப்பிற்குரியதாக வளர்த்தெடுத்தவற்றுள் முதன்மையானது, ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகம் 1980களில் அமைத்த 'சிம்நெற்' என்னும் தாங்கிப் படைப் பயிற்சி அமைப்பு என்பது குறிப்பிடத்தக்கது. போர்ப் பயிற்சிக்கு உருவான முறை பொழுதுபோக்குக்கு வந்து சேர்ந்தது. இணையமே அதே திணைக்களத்தின் நிதியிற் பிறந்த வலையமைப்பிலிருந்து வளர்ந்ததாயின், இதில் வியப்பதற்கு அதிகமில்லை.

மூன்றாவது காரணம் நம்பிக்கை பற்றியது. எமது நோக்கில் இதுவே தலையாயது. விளையாடுபவரின் கணனி அவர் கையிலுள்ளது. அதன் நினைவகத்தை அவர் திருத்தலாம். "எனது பணப்பையில் ஆயிரம் பொன் உண்டு" என்று அக்கணனி கூறுவதை நடுவிலுள்ள சேவையகம் அப்படியே ஏற்றுக்கொள்ளுமாயின் உலகின் பொருளாதாரம் ஒரே நாளிற் சிதையும். ஆதலின் உண்மை எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் சேவையகத்திடம் விடப்படுகின்றது. பயனரின் கணனி வேண்டுகோள் விடுக்கும், சேவையகம் தீர்ப்பளிக்கும். இருவர் பொருள் பரிமாறும் கணத்தில் மின்தடை ஏற்படின் ஒருவரிடமிருந்து நீங்காமலே மற்றவரிடம் பொருள் சேர்ந்து, வாள் ஒன்று இரண்டாகிவிடக்கூடும். வங்கிக் கணக்கிற் போலவே, கொடுக்கல் வாங்கல் முற்றாக நிகழவேண்டும், இன்றேல் முற்றாக நிகழாதிருக்கவேண்டும். இதனையும் நடுவிலுள்ள தரவுத்தளமே உறுதிசெய்கிறது.

ஆக, பொது உலகம் ஒன்று நிலைபெறுவதற்கு நடுவண் அதிகாரம் ஒன்று தொழில்நுட்ப ரீதியில் இன்றியமையாதது. இது எவரும் சதி செய்து புகுத்தியதன்று. ஆனால், அதிகாரம் ஓரிடத்திற் குவிதல் வேண்டும் என்பது வேறு, அவ்விடம் ஒரு தனியார் கம்பனியின் உடைமையாயிருத்தல் வேண்டும் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே இத்தொழிற்றுறையின் கருத்தியல் தங்கியுள்ளது.

உடைந்த உலகங்களும் உடையாத உலகமும்

கூட்டம் மிகுந்தால் என் செய்வது? 1997இல் வெளியான 'அல்டிமா ஒன்லைன்' கண்ட தீர்வு, ஒரே உலகைப் பல பிரதிகளாக்கி விளையாடுபவரைப் பகிர்ந்துவிடுவதாகும். ஒவ்வொரு பிரதிக்கும் 'சில்லு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரிட்டு, மந்திரக் கல்லொன்று உடைந்து அதன் ஒவ்வொரு சில்லிலும் உலகின் நிழல் தங்கிற்று எனக் கதையும் கட்டினர். கணனிக் கொள்ளளவின் போதாமை இவ்வாறு புராணமாயிற்று. 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்', 2004இல் வந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' ஆகியனவும் இவ்வழியையே பின்பற்றின. பின்னையது 2010இல் ஒரு கோடியே இருபது இலட்சம் சந்தாதாரரைக் கொண்டிருந்ததாக நிறுவனம் அறிவித்தபோதிலும், அவர்கள் ஒரே உலகில் வாழவில்லை. நூற்றுக்கணக்கான பிரதிகளில் வாழ்ந்தனர்.

ஐஸ்லாந்தில் உருவாகி 2003இல் வெளிவந்த 'ஈவ் ஒன்லைன்' இவ்வழியை மறுத்தது. அதன் விண்வெளியில் எல்லோரும் ஒரே உலகினர். ஒவ்வொரு சூரிய மண்டலத்தின் கணிப்பையும் ஒரு நிரலோட்டம் ஏற்கின்றது. வெறிச்சோடிய மண்டலங்கள் பல ஒரே கணனியைப் பகிரும். மண்டலம் ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் போருக்குத் திரளும்போது அந்தக் கணனி திணறும். அமைப்பாளர் கண்ட உபாயம் நேர்மையானது: காலத்தையே மெதுவாக்கினர். கூட்டத்திற்கேற்ப அவ்விடத்துக் கடிகாரம் பத்திலொரு பங்கு வேகம் வரை தாழும். எல்லோருக்கும் சமமாகத் தாழும். 2014 ஜனவரி 27, 28ஆம் நாள்களில் நிகழ்ந்த பெரும்போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். இவ்வாறு மெதுவாக்கப்பட்ட காலத்தில் அப்போர் 21 மணித்தியாலங்கள் வரை நீடித்தது. அழிந்த கலங்களின் பெறுமதி மூன்று இலட்சம் டொலரளவு என மதிப்பிடப்பட்டது. போர் மூண்டதற்குக் காரணம், ஒரு கூட்டணி அம்மண்டலத்துக்கான உரிமைக் கட்டணத்தை உரிய வேளையிற் செலுத்தத் தவறியமையே. நிலவரி நிலுவையால் மூண்ட போர்கள் வரலாற்றில் உள. அவற்றின் வரிசையில் இதனையும் வைக்கலாம்.

பொறியின் சிறு குறைபாடு சமுதாய நிகழ்வாக மாறியமைக்கும் உதாரணம் உண்டு. 2005 செப்டெம்பரில் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்'டில், நிலவறையொன்றுள் மட்டும் நிலவவேண்டிய தொற்றுநோய் மந்திரம், விளையாடுபவரின் வளர்ப்பு விலங்குகளைத் திருப்பி அழைக்கும்போது அவற்றின் உடலில் அழிக்கப்படாது சேமிக்கப்பட்டது. விலங்குகள் நகரத்தில் மீண்டும் வெளிவந்தபோது நோயும் உடன்வந்தது. நகரங்கள் பிணக்காடாயின, சிலர் ஓடினர், சிலர் பிறரைக் குணப்படுத்த முயன்றனர், சிலர் வேண்டுமென்றே பரப்பினர். 'லான்செற்' குழுமத்தைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவ இதழொன்றில் 2007இல் இதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. ஒரு நிலைமாறி அழிக்கப்படாது விடப்பட்டமையே இத்தனைக்கும் மூலம்.

திட்டமிடுவோர் யார்?

'லூக்காஸ்பிலிம்' நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் 'ஹபிற்றற்' என்ற படவுலகை உருவாக்கிற்று. அதனை அமைத்த சிப் மோர்னிங்ஸ்டாரும் றண்டி ஃபார்மரும் 1990இல் எழுதிய கட்டுரை, இத்துறையின் மூல நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. அதிலுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குதல் தகும். உலகின் ஒரு பகுதியிலிருந்த விற்பனை இயந்திரத்திற் பொம்மையொன்றின் விலை 75 நாணயம். வேறொரு பகுதியிலிருந்த அடகு இயந்திரம் அதே பொம்மைக்கு 100 கொடுத்தது. பளிங்குக் கோளம் ஒன்றை 18,000க்கு வாங்கி 30,000க்கு விற்க முடிந்தது. விலையிட்டவர் செய்த பிழையைச் சிலர் கண்டுகொண்டு இரவு முழுவதும் நடந்து நடந்து வாங்கி விற்றனர். விடியும்போது உலகிலுள்ள நாணயத்தின் மொத்த அளவு ஐந்து மடங்காகியிருந்தது. வாணிப மூலதனத்தின் தோற்றத்தை விளக்க இதனினும் சுருக்கமான பாடம் கிடைத்தலரிது.

அவ்வாசிரியர்கள் தம் அனுபவத்திலிருந்து பெற்ற முடிபு, நடுவண் திட்டமிடல் இயலாத காரியம் என்பதாகும். வாரக்கணக்கில் உழைத்து அமைத்த புதையல் வேட்டையை ஒருவர் சில மணித்தியாலங்களில் முடித்துவிட்டதையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். அவர்களது அவதானிப்பு கூர்மையானது. முடிபை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அங்கே தோல்வியுற்றது, குடியிருப்போரைக் கலந்துகொள்ளாது, கட்டணம் அறவிடும் நிறுவனத்தின் ஊழியர் இருவர் மூவர் மேலிருந்து தீட்டிய திட்டமாகும். திட்டமிடலில் விளையாடுபவரும் பங்குகொண்டால் யாது நிகழும் என்ற வினாவை ஹபிற்றற் எழுப்பவேயில்லை.

அவ்வினாவை எழுப்பிய பொறி வேறொன்று. கலிபோர்ணியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் பாவல் கேட்டிஸ் 1990இல் தொடக்கிய 'லம்டாமூ'வில், வந்து சேர்ந்தோர் எவரும் உலகினுள்ளிருந்தே நிரல் எழுதலாம், அறை கட்டலாம், பொருள் படைக்கலாம். உலகும் பொறியும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கின. 1992 இறுதியில், மந்திரவாதிகள் என அழைக்கப்பட்ட நிர்வாகிகள் இனித் தொழில்நுட்பப் பணியை மட்டுமே செய்வர், சமூகத் தகராறுகளிற் தலையிடார் என அறிவித்தனர். 1993இல் ஒருவர் பிறரின் பாத்திரங்கள்மீது எழுத்து வடிவிலான பாலியல் வன்முறையை நிகழ்த்தியபோது, தண்டிக்கும் அதிகாரம் எவரிடம் என்பது தெரியாது அவ்வுலகம் தத்தளித்தது. விளைவாக மனுச் சமர்ப்பித்தலும் வாக்கெடுப்பும் கொண்ட ஆட்சிமுறை வகுக்கப்பட்டது. அது வாதப் பிரதிவாதங்களிற் சிக்கித் திணற, 1996இல் நிர்வாகிகள் தம் முன்னைய அறிவிப்பைக் கைவிட்டனர். தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்க இயலவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். இச்சோதனை தோல்வி என எழுதுவோர் உளர். பொறியின் ஒவ்வொரு நிரல்வரியும் ஒரு சட்டவிதி என்பதை, அதனுள் வாழ்ந்தவரே விவாதித்து அறிந்த இடம் அது என்று நாம் கருதுகிறோம்.

உழைப்பும் உரிமமும்

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணனித்துறையைச் சேர்ந்த ஐவர் 1991இல் 'டிக்குமட்' என்னும் பொறியை வெளியிட்டனர். எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம். ஆனால் அதனைக் கொண்டு இலாபமீட்டல் கூடாது என்பது அவர்களது நிபந்தனை. உலகெங்கும் எண்ணற்ற எழுத்துலகங்கள் அதிலிருந்து கிளைத்தன. 'எவர்குவெஸ்ட்' விளையாட்டு முறையில் அதனோடு பெரிதும் ஒத்திருந்தமையால், அந்நிரல் களவாடப்பட்டதோ என்ற ஐயம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் ஆக்கியோர், டிக்குவின் நிரல் எதனையும் பயன்படுத்தவில்லை எனச் சத்தியக்கூற்று வழங்கினர். அக்கூற்றை ஐயுறுவதற்கு எம்மிடம் ஆதாரமில்லை. ஆயினும், நிரல்வரிகளைப் பாதுகாத்த உரிமம், இலவச உழைப்பாற் பண்பட்ட விளையாட்டு முறையைப் பாதுகாக்கவில்லை. வகுப்புக்கள், படிநிலைகள், குழுவாக அரக்கரை எதிர்த்தல் என்னும் மரபு முழுவதும் மாதக் கட்டண வாணிபத்திற்கு மூலதனமாயிற்று.

விளையாடுபவரின் உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். எட்வேட் கஸ்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 2001இல் 'எவர்குவெஸ்ட்' உலகின் பொருள்கள் ஏலத்திற் பெற்ற விலைகளை ஆராய்ந்து, அவ்வுலகிற் செலவிடும் ஒரு மணித்தியாலத்தின் ஊதியம் 3.42 டொலர் எனவும், தலாவருமானம் 2,266 டொலர் எனவும் கணித்தார். அது அக்காலத்து இரசியாவினதும் பல்கேரியாவினதும் வருமானங்களுக்கு இடைப்பட்டது. பின்னர் சீனாவில், கூலிக்கு அமர்த்தப்பட்டோர் இரவுபகலாக விளையாடிப் பொன் சேர்த்து மேற்குலகினருக்கு விற்கும் கூடங்கள் தோன்றின. பொறியை அமைப்போர் இவ்வுழைப்பாளரை எலிகளைப்போல் வேட்டையாடினர். ஆயினும் சலிப்பூட்டும் உழைப்பின்றி உயரவொண்ணாத உலகை வகுத்தவர்களும் அவர்களே.

நிற்க. பொறியைத் தாமே எழுதாது வாடகைக்குப் பெறும் சிறு ஆக்கக் குழுக்களின் நிலையையும் நோக்குவோம். 'யுனிற்றி' என்னும் பொறி எளிமையும் மலிவும் காரணமாக உலகெங்குமுள்ள சிறு குழுக்களிடையே பரவியது. 2019 ஜனவரியில், பெரும் பொது உலகங்களைப் பல சேவையகங்களிற் பகிர்ந்து இயக்கும் அமைப்பொன்றை வழங்கிய 'இம்புறொபபிள்' என்ற இலண்டன் நிறுவனம், யுனிற்றியின் திருத்தப்பட்ட உரிம விதிகளால் தமது அமைப்பில் இயங்கும் விளையாட்டுக்கள் உரிமமற்றனவாகிவிட்டன என அறிவித்தது. சில நாள்களில் விதி மீளத் திருத்தப்பட்டதாயினும், ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் ஒரு பத்தியின் மாற்றத்தால் நடுத்தெருவில் நிற்கக்கூடும் என்பது தெளிவாயிற்று. 2023 செப்டெம்பரில் அதே யுனிற்றி, குறித்த வரம்பைக் கடந்த விளையாட்டுக்கள் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. எதிர்ப்புப் பெருகிற்று, தலைமை அதிகாரி மறுமாதமே பதவி நீங்கினார், 2024 செப்டெம்பரிற் கட்டணம் முற்றாகக் கைவிடப்பட்டது. பொறி என்ற சொல்லின் இரண்டாம் பொருள் ஈண்டுப் பொருந்தும். உள்ளே செல்வது எளிது. ஐந்தாண்டு உழைப்பைச் சுமந்துகொண்டு வெளியேறுவதே அரிது. ஆர்ஜென்ரீனாவிலே தோன்றி 2014 முதல் கட்டற்ற உரிமத்துடன் வழங்கப்படும் 'கோடோ' என்னும் பொறியை அக்காலத்திற் பலர் நாடியமை இதனாலேயே.

பொது உலகங்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் ஆழமானது. தனியாள் விளையாட்டின் ஆக்கியோர் மறைந்தாலும் விளையாட்டு வாங்கியவரிடம் இருக்கும். பொது உலகின் உண்மைநிலை முழுவதும் சேவையகத்திலுள்ளமையால், சேவையகம் நிறுத்தப்படும் நாளில் உலகமும் அற்றுப்போகும். 'சிற்றி ஒஃப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. எட்டாண்டுகளுக்கு மேல் அங்கே கூடிய நட்புக்களுக்கும் சங்கங்களுக்கும் படைப்புக்களுக்கும் எவ்வித உரிமையும் இருக்கவில்லை. சேவையக நிரல் 2019இல் வெளியே கசிந்தபோது விளையாடியோர் தாமே உலகை உயிர்ப்பித்தனர். அவர்களுள் ஒரு குழுவுக்கு 2024 ஜனவரியில் உடைமையாளர் முறைப்படி அனுமதி வழங்கினர். சட்டவிரோதம் எனப்பட்டது பன்னிரண்டாம் ஆண்டிற் பாதுகாப்புப் பணியாக ஏற்கப்பட்டது.

இதற்கு மாறான வழியொன்றும் முயலப்பட்டுள்ளது. பிரான்சின் 'நெவ்ராக்ஸ்' நிறுவனம் 2004இல் வெளியிட்ட 'றைசம்' என்ற பொது உலகின் அடிப்படைப் பொறி, தொடக்கத்திலிருந்தே கட்டற்ற மென்பொருளாக வழங்கப்பட்டது. 2006இல் நிறுவனம் முறிவடைந்தபோது, ஊழியராயிருந்தோரும் விளையாடியோரும் இணைந்து நிதி திரட்டி அவ்வுலகை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமையாக்க முயன்றனர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 60,000 டொலர் தருவதாக வாக்களித்தது. நீதிமன்றம் வேறு நிறுவனத்துக்கே விற்றது. ஆயினும், பின்னர் கைமாறி உடைமை பெற்ற நிறுவனம் 2010 மே மாதத்திற் சேவையக நிரல் உட்பட மூல நிரலைக் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிட்டது. படங்களும் உருவங்களும் பகிரத்தக்க உரிமத்துடன் வழங்கப்பட்டன. அவ்வுரிமத்தின் சிறப்பு யாதெனில், திருத்திய நிரலைச் சேவையகத்தில் வைத்துப் பிறருக்குச் சேவை வழங்குபவர், அத்திருத்தங்களை அச்சேவையைப் பயன்படுத்துவோருக்கு வெளிப்படுத்தவேண்டும் என்பதே. நடுவண் அதிகாரம் அகலவில்லை. வாளும் பொன்னும் எவரிடம் என்பதைச் சேவையகமே தீர்மானிக்கிறது. ஆனால் அச்சேவையகம் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை எவரும் வாசிக்கலாம். அதிருப்தியுற்றோர் வேறொரு சேவையகம் நிறுவலாம்.

ஐரோப்பாவில் இப்பிரச்சினை சட்டமன்ற வாயிலை எட்டியுள்ளது. 'த குறூ' என்ற காரோட்ட விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியோர் அதனைத் தனித்துக்கூட விளையாட முடியாதவராயினர். விற்கப்பட்ட விளையாட்டுக்களை இயங்கத்தக்க நிலையில் விட்டுச்செல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் மனு அவ்வாண்டு யூலையில் தொடங்கப்பட்டு, 2025 யூலையிற் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. பொது உலகங்களின் சேவையகங்கள் சிக்கலானவை, பிறரிடம் உரிமம் பெற்ற பொறிகளின் கூறுகள் அவற்றிற் கலந்துள்ளன, ஆகவே அவற்றை விட்டுச்செல்லல் எளிதன்று என்பது தொழிற்றுறையினரின் மறுப்பு. அவர்கள் கூறுவது உண்மையே. எந்த உரிமத்துடன் எந்தப் பொறி தெரிவுசெய்யப்படுகிறது என்பது முதல்நாளிலேயே தீர்மானிக்கப்படுவதால், விட்டுச்செல்லும் கடப்பாடும் முதல்நாளிலேயே விதிக்கப்படவேண்டும் என்பது மனுதாரரின் விடை.